பனிக்காலம் வந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

கேள்வி: மாடித்தோட்டம் (சென்னை)

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் திருத்துறைப்பூண்டிக்கு அருகில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய அம்மா, “தை பொறந்து பத்து நாளாச்சு, இந்த வருஷம் இன்னும் பனியே இல்லடி” என்றார். வர வேண்டிய உறவினர் ஒருவர் இன்னும் வந்து சேரவில்லை என்று சொல்வதைப் போல அவ்வளவு கவலையாகச் சொன்னார். அவருடைய கவலை எனக்கு விளங்கவில்லை. வானிலை அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். சென்னையில் இரவு வெப்பநிலை 21 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருந்தது. ஜனவரியின் சராசரியும் ஏறத்தாழ அதுதான். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கணக்கும் வழக்கத்திலிருந்து ஓரிரு டிகிரிதான் விலகியிருந்தது. அப்படியானால் இல்லாமல் போனது எது?

நாள்காட்டியிடம் கேட்டாலும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. நம் பழைய கணக்கில் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. ஆக, ஆண்டில் மூன்றில் ஒரு பங்கைப் பனியின் பேரிலேயே எழுதி வைத்திருக்கிறோம். இந்திய வானிலை ஆய்வுத் துறையோ ஜனவரியையும் பிப்ரவரியையும் மட்டுமே குளிர்காலம் என்கிறது. டிசம்பர் நமக்கு வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்துவிடுகிறது. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி, அதுவும் 1895 டிசம்பரில் முதன்முதலாகப் பதிவானது என்று படித்தபோது, எண்களைக் கொண்டு எங்கள் நகரத்தில் பனிக்காலத்தைத் தேடுவது வீண் வேலை என்றே தோன்றியது.

எங்கள் வீட்டில் பனிக்காலத்தை அறிவிப்பது சமையலறைதான். தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், தயிர் உறையாது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் இறுகத் தொடங்குகிறது. அதே குளிரில் பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களும் மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்களும் மந்தமாகிவிடுகின்றன. எண்ணெய்ப் புட்டியைக் காலை வெயிலில் வைப்பதும், மாவுப் பாத்திரத்தைத் துணி சுற்றி அடுப்பின் பக்கத்தில் வைப்பதும் எனக்குப் பனிக்காலத்தின் இரண்டு வேலைகள். இந்த ஆண்டும் எண்ணெய் உறைந்தது. ஆகவே என் கணக்கில் பனிக்காலம் வந்துவிட்டது. அம்மாவின் கணக்கில் வரவில்லை. உங்கள் ஊரில், உங்கள் தொழிலில், எது நடந்தால் இது உண்மையான பனிக்காலம் என்று ஒப்புக்கொள்வீர்கள்?

பதில்: பழைய புவியியல் ஆசிரியர்

உங்கள் தாயாரின் கணக்கே சரி என்று தொடங்குகிறேன். அவர் சொன்ன சொல்லை நீங்கள் வேறொரு சொல்லாக மாற்றிக்கொண்டு தேடியிருக்கிறீர்கள். குளிர் இல்லை என்று அவர் சொல்லவில்லை. பனி இல்லை என்றார். குளிரை வெப்பமானி காட்டும். பனி பெய்யுமா பெய்யாதா என்பதைப் பெரும்பாலும் வானமே முடிவு செய்கிறது.

பனி மேலிருந்து விழுவதாக நாம் பேச்சில் சொன்னாலும், அது இலையின் மேலேயே உண்டாவது. பகலில் வெயிலில் காய்ந்த நிலமும் புல்லும் இலையும் இரவு முழுவதும் தங்கள் வெப்பத்தை வானை நோக்கி வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. மேகம் இல்லாத இரவில் அந்த வெப்பம் தடையின்றிப் போய்விடுவதால், இலையின் பரப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரத்தைத் தன் மேல் துளிகளாக இறக்கிக்கொள்கிறது. மேகம் கவிந்திருந்தால் அது போர்வை போலிருந்து, போகிற வெப்பத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். காற்று வேகமாக வீசினாலும் இலை தனியாகக் குளிர முடியாது. ஆகவே பனி பெய்ய வேண்டுமென்றால் மழை நிலத்தை நனைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும், வானம் திறந்திருக்க வேண்டும், காற்று அடங்கியிருக்க வேண்டும், இரவு நீண்டிருக்க வேண்டும். நான்கும் கூடி வருவது தமிழ்நாட்டுச் சமவெளியில் மார்கழிக் கடைசியிலும் தையிலும்தான். பருவமழை விலகாமல் தையிலும் மேகம் நின்றுகொண்டிருந்தால், வெப்பமானி வழக்கமான எண்ணையே காட்டினாலும் காலையில் புல் உலர்ந்தே கிடக்கும். உங்கள் ஊரில் நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சென்னைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே ஜனவரியிலும் கடல்நீர் சுமார் 26 டிகிரி இருக்கும். இரவில் காற்று கடலிலிருந்து வந்தால் அந்த வெதுவெதுப்பு நகருக்குள் ஏறிவிடுகிறது. நிலத்திலிருந்து வந்தால்தான் விடியற்காலை குளிர்கிறது. கடலை ஒட்டிய நுங்கம்பாக்கத்தைவிடச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்தில் இக்காலத்தில் இரவு வெப்பநிலை ஓரிரு டிகிரி குறைவாகப் பதிவாவதற்கு இதுவும் ஒரு காரணம். மழையைக் கொண்டுவரும் கீழ்க்காற்றுக்குக் கொண்டல் என்றும், குளிரைக் கொண்டுவரும் வடகாற்றுக்கு வாடை என்றும் நம்மவர்கள் தனித்தனிப் பெயர் வைத்தது எவ்வளவு கூர்மையான கவனிப்பு என்று வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் வியந்து சொல்லியிருக்கிறேன். கொண்டல் ஓய்ந்து வாடை தொடங்கும் நாளே எனக்குப் பனிக்காலத்தின் முதல் நாள்.

இத்தகைய இரவுகளில் தரையை ஒட்டிய காற்று மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்து கனத்துக் கிடப்பதால், அடுப்புப் புகை மேலே ஏறாமல் ஓட்டுக் கூரை உயரத்திலேயே படர்ந்து நிற்கும். சிறு ஊர்களில் அது கண்ணுக்கு இதமான காட்சி. நகரத்தில் அதுவே கேடாகிறது. 2018ஆம் ஆண்டு போகியன்று எரித்த பொருள்களின் புகை பனியோடு சேர்ந்து சென்னை விமான நிலையத்தையே முடக்கிப்போட்டது பலருக்கு நினைவிருக்கும்.

ஓர் இடைச்செய்தி: மழை விலகியதற்கு இரவு வானமும் சாட்சி சொல்லும். மார்கழி முழுநிலவு நம் ஊரில் நள்ளிரவில் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். கோடையில் சூரியன் செல்லும் உயரமான பாதையில் குளிர்காலத்தில் முழுநிலவு செல்கிறது. அந்த நிலவுக்குப் பக்கத்தில் திருவாதிரை சிவந்து தெரிந்தால், அடுத்த நாள் காலை வாசலில் கோலம் போடக் குனிபவர் தலையில் துண்டு கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பதில்: விடியல்நடை

ஆசிரியர் ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இருபது ஆண்டுகளாகக் காலை ஐந்தரை மணிக்கு நடக்கப் போகிறேன். மார்கழியைத்தான் எல்லோரும் இருட்டுக் காலை என்பார்கள். என் அனுபவத்தில் தையின் முதல் பாதியே அதைவிட இருட்டு. டிசம்பர் 22ஐ ஒட்டிப் பகல் மிகக் குறுகி 11 மணி 20 நிமிடம் அளவில் இருந்தாலும், சென்னையில் அன்று சூரியன் சுமார் 6.26க்கே உதித்துவிடுகிறது. ஜனவரி கடைசி வாரத்தில்தான் உதயம் சுமார் 6.36 வரை தள்ளிப்போகிறது. மாலையோ நவம்பர் மூன்றாம் வாரத்திலேயே மிக விரைவாக இருட்டி முடித்துவிட்டு, பிறகு நீளத் தொடங்குகிறது. மாலை நீண்டுகொண்டிருக்கும்போதே காலை இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும் அந்தச் சில வாரங்களே எனக்கு உண்மையான பனிக்காலம்.

பதில்: நீலமலை (உதகை)

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மலையில் இருக்கும் எங்களுக்கு ஆண்டு முழுவதும் குளிர்தானே, உங்களுக்குப் பனிக்காலம் என்று தனியாக எதற்கு என்று சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் ஒரு செய்தி ஆசிரியர் ஐயா கூறியதை அப்படியே உறுதிப்படுத்துகிறது. சுமார் 2240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில், தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூலை மாதப் பகல், ஜனவரி மாதப் பகலைவிடக் குளிர்ந்தது. ஜூலையில் நாள் முழுவதும் கம்பளிச் சட்டையைக் கழற்ற முடியாது. ஜனவரியில் நண்பகல் வெயில் தோலைச் சுடும். ஆனாலும் ஜூலையைப் பனிக்காலம் என்று இங்கே யாரும் சொல்வதில்லை, அது மழைக்காலம். ஜனவரியைத்தான் பனிக்காலம் என்கிறோம், ஏனென்றால் அதன் இரவு வேறு.

எங்களுக்கு அது இரண்டு படிகளில் வருகிறது. மழை விட்டபின் நவம்பரில் முதலில் நீர்ப்பனி விழும். புல்லில் நடந்தால் காலணி நனையும், அவ்வளவுதான். பிறகு ஓர் இரவு வானம் துடைத்து வைத்தது போல் ஆகும். மறுநாள் காலை தலைகுந்தா, காந்தள், அவலாஞ்சி போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி முழுவதும் உப்பைக் கொட்டிப் பரப்பியது போல் வெளுத்திருக்கும். அதுதான் உறைபனி. அன்று வெப்பமானி பெரும்பாலும் இரண்டு மூன்று டிகிரியே காட்டும். ஆனால் தரையை ஒட்டிய புல்லின் நுனி பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவெல்லாம் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் வந்து தங்குகிறது. எனவே மேட்டில் இருப்பவர் தோட்டம் தப்பிக்கும். அவர் காலடியில் இருப்பவர் தோட்டம் கருகும்.

கருகுவது என்ற சொல்லைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். பனியால் எப்படிக் கருகும் என்று புதியவர்கள் கேட்பார்கள். இலையினுள் இருக்கும் நீர் உறைந்து திசுக்கள் சிதைந்தபின், காலை வெயில் பட்டதும் தேயிலையின் கொழுந்து நெருப்புப் பட்டதைப் போலப் பழுப்பாகிவிடும். அந்தச் செடி மீண்டும் துளிர்க்கும்வரை கொழுந்து பறிக்க ஆள் தேவைப்படாது, கூலியும் கிடையாது. உருளைக்கிழங்குச் செடியின் தழை ஒரே இரவில் துவண்டுவிடும். கேரட் ஓரளவு தாங்கும். இளஞ்செடிகளை மாலையிலேயே காட்டுச்செடிகளின் தழைகளைக் கொண்டு மூடி வைப்பார்கள். தாவரவியல் பூங்காவில் விடியற்காலையில் தண்ணீர் தெளித்து, வெயில் ஏறுவதற்குள் உறைபனியைக் கரைத்துவிடுவார்கள். சுற்றுலா வருகிறவர்கள் அந்த வெண்மையைக் கையில் அள்ளிப் படம் எடுத்து மகிழ்வதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே வேளையில் தன் தோட்டத்துப் பக்கம் போய்ப் பார்க்க மனம் வராமல் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்த என் தந்தையையும் நான் பார்த்திருக்கிறேன்.

இருந்தாலும் உறைபனி வராத ஆண்டை நல்ல ஆண்டு என்று எங்களால் சொல்ல முடியவில்லை. நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் மடிப்புகளில் சோலைக்காடும் அவற்றுக்கு நடுவே பரந்த புல்வெளியும் மாறிமாறி இருப்பதற்கு, சோலை மரங்களின் கன்றுகள் திறந்த வெளியில் உறைபனியைத் தாங்காமல் மடிந்துவிடுவதும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். அந்தப் புல்வெளிகள் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுகின்றன. உறைபனி என் தந்தையின் தேயிலைக்குப் பகை. மலையின் புல்லுக்குக் காவல். இரண்டையும் சேர்த்தே நான் பனிக்காலம் என்று ஏற்றுக்கொள்கிறேன்.

பதில்: கடைமடை (திருவாரூர் மாவட்டம்)

சகோதரி, உங்கள் தாயார் எதற்காகக் கவலைப்பட்டார் என்று எனக்குத் தெரியும் என நினைக்கிறேன். உங்கள் வீட்டில் உளுந்து விதைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பக்கத்தில் சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்பு, நெற்பயிர் நின்றுகொண்டிருக்கும்போதே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில் உளுந்தையோ பச்சைப்பயற்றையோ உள்ளே தெளித்துவிடுவோம். அதற்கு உழவும் கிடையாது, பாய்ச்சலும் கிடையாது. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படுவது வழக்கம். அதற்குமேல் வாய்க்காலில் தண்ணீரை எதிர்பார்க்க முடியாது. நெல் அறுத்தபின் அந்தப் பயிர் சுமார் எழுபது நாட்கள் மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் இரவுப் பனியையும் கொண்டே வளர்ந்து, பூத்து, காய்த்து, முற்ற வேண்டும். நெல்லில் வரும் பணம் பெரும்பாலும் கடனுக்குப் போய்விடும். உளுந்தில் வருவதுதான் வீட்டுக்கு நிற்கும். பல வீடுகளில் அது பெண்களின் கையில் சேரும் பணம்.

ஆகவே தையில் மேகம் நின்றால் எங்களுக்கு இரட்டை அடி. 2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற கதிர்கள் சாய்ந்து, வயலிலேயே முளைவிட்டன. தெளித்த உளுந்து தேங்கிய நீரில் அழுகியது. அந்த நாட்களில் இரவு எவ்வளவு குளிராக இருந்தது என்று எங்களுக்கு நினைவில்லை. பனி பெய்யவில்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழியைக் குளிரின் கொடுமையைச் சொல்வதாகவே பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அது எப்போதும் ஒரு நம்பிக்கையாகவே கேட்டிருக்கிறது: தரையைத் துளைத்தால்தானே வேருக்குப் போகும்.

பதில்: கரிசல்காடு (குடிமங்கலம் பக்கம்)

எங்கள் ஊரில் கொண்டைக்கடலைக்கே பனிக்கடலை என்றுதான் பெயர். மழை முடியும் தறுவாயில் கரிசல் மண்ணில் விதைத்துவிட்டால், பிறகு பனியே அதற்குப் பாய்ச்சல். அந்தச் செடியின் இலையிலும் காயிலும் உள்ள நுண்மயிர்கள் புளிப்பான நீரைச் சுரக்கும். முன்பெல்லாம் இரவில் வெள்ளை வேட்டியைச் செடிகளின் மேல் விரித்து வைத்து, விடியற்காலையில் பனியும் புளிப்புமாக ஊறியிருக்கும் துணியைப் பிழிந்து புட்டியில் சேர்ப்பார்கள். கடலைக்காடி என்று பெயர். நாட்டு மருத்துவத்துக்கு வாங்கிப் போவார்கள். என் பாட்டியார் ஒரு பருவத்தில் எத்தனை புட்டி நிறைந்தது என்பதை வைத்தே அந்த ஆண்டுப் பனியை மதிப்பிடுவார். அதைவிட நேரான அளவுகோலை நான் அறியேன்.

பதில்: முன்னாள் படைவீரர்

காஷ்மீரில் மூன்று குளிர்காலங்கள் பணியில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அங்கே முழங்கால் அளவு பனியில் நின்றபோதுகூட, இது உண்மையான குளிர்காலமா என்று உள்ளூர்ப் பெரியவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வதைக் கண்டு வியந்திருக்கிறேன். அவர்கள் கணக்கில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்கள் சில்லை கலான். அடுத்த இருபது நாட்கள் சில்லை குர்த். அதற்கடுத்த பத்து நாட்கள் சில்லை பச்சா. பெரியது, சிறியது, குழந்தை என்று வைத்துக்கொள்ளலாம். முதல் நாற்பது நாட்களில் விழும் பனிதான் மலையில் இறுகித் தங்கி, கோடையில் ஆறுகளுக்கும் வயல்களுக்கும் நீராக இறங்கும். பிந்தி விழுவது விரைவில் உருகி ஓடிவிடும். 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் வாரக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தன என்ற செய்தியைப் படித்தபோது, பனிச்சறுக்கு விளையாட வந்தவர்களின் ஏமாற்றத்தையே பலரும் எழுதியிருந்தார்கள். எனக்கு நினைவுக்கு வந்தவர், கம்பளி அங்கிக்குள் காங்கிரி என்னும் தணல்சட்டியைப் பிடித்தபடி எங்களோடு பேசும் ஆப்பிள் தோட்டக்காரர் ஒருவர். ஆப்பிள் மரம் குளிரில் போதிய நாட்கள் உறங்கினால்தான் வசந்தத்தில் சரியாகப் பூக்கும் என்று அவர்தான் சொன்னார். கடைமடை நண்பர் உளுந்தைப் பற்றி எழுதியதைப் படித்ததும் அவர் குரலையே மீண்டும் கேட்டது போலிருந்தது.

கேட்டவர்: மாடித்தோட்டம்

பதில் எழுதிய அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கடைமடை ஐயா ஊகித்தது சரிதான். ஒன்றரை ஏக்கரில் உளுந்து தெளித்திருக்கிறார்கள். விதைப்பைப் பற்றி நான் கேட்கவே இல்லை, அம்மாவும் சொல்லவில்லை.

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தைப் படித்தபின், நான்கு இரவுகளாக மொட்டை மாடியில் இரண்டு எவர்சில்வர் தட்டுகளை வைத்துப் பார்க்கிறேன். ஒன்று திறந்த வானத்தின் கீழே, மற்றொன்று தண்ணீர்த் தொட்டியின் அடித்தளத்துக்குக் கீழே. முதல் இரண்டு இரவும் மேகம். இரண்டு தட்டும் உலர்ந்திருந்தன. மூன்றாம் இரவு விண்மீன்கள் தெரிந்தன, ஆனால் கடற்காற்று ஓயவில்லை; அப்போதும் ஒன்றுமில்லை. நேற்றுக் காலை திறந்த தட்டில் விரலால் எழுதக்கூடிய அளவுக்கு நீர் கோத்திருந்தது. தொட்டிக்கு அடியில் இருந்தது உலர்ந்தே இருந்தது. சமையலறையில் எண்ணெய் நான்கு நாளும் ஒரே மாதிரிதான் உறைந்திருந்தது.

அம்மாவை அழைத்துச் சொல்லலாம் என்று கைப்பேசியை எடுப்பதற்குள் அவரே அழைத்துவிட்டார். முந்திய இரவு அங்கேயும் மேகம் கலைந்துவிட்டதாம். வரப்பில் ஒரு நடை போய் வந்ததில் புடவை முழங்கால் வரை நனைந்துவிட்டதாம். உளுந்து மூன்றாம் இலை விட்டிருக்கிறது என்றார்.